அடுக்களைத் தண்ணீர் போன வழி

அரிசி களைந்த தண்ணீரும் சாம்பலும் ஈர மண்ணும் சேர்ந்து ஒரு வாசனை வரும்... மழை பெய்தால் இன்னும் தூக்கலாக. ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் அந்த வாசனைதான் வருகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி இரண்டு வருடம். அவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. நான் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனிக்குப் பஸ்ஸில் போய் வருவேன்.

வரிசையாக ஐந்து வீடுகள். எல்லாருக்கும் ஒரே கிணறு, துவைக்க ஒரே கல். எங்களுக்கு அடுத்த கடைசி வீட்டில் ரோஸ்மேரி அக்கா. அவர் கணவர் லாரி ஓட்டப் போனால் வருவதற்குப் பல நாள் ஆகும். அக்காவும் சின்ன மகள் ஜெனியும்தான் இருப்பார்கள்.

தரை எங்கள் வீட்டிலிருந்து அவர்கள் வாசல் பக்கம் சரிந்திருந்தது. எங்கள் அடுக்களைத் தண்ணீர் அங்கே போய்த்தான் தேங்கும். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை... ஓர் ஐப்பசியில் ஜெனிக்குக் காய்ச்சல் வரும்வரை.

கொசுக்கடியால் வந்தது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அக்கா நேராக என் வாசலுக்கு வந்தார்.

"ஏட்டி செல்வி, ஒன் தண்ணிதான் என் வாசல்ல நின்னு நாறுது. எம்புள்ள அனலாக் கெடக்கா."

"நான் என்னக்கா பண்ண? தரை அப்படி இருக்கு" என்றேன்.

"ஒனக்கென்ன... புள்ள பெத்திருந்தாத்தான தெரியும்!"

கிணற்றடியில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

எனக்கு அப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர் வேலை முடிந்து வந்ததும், "வேற வீடு பாப்போம்" என்று அழுதேன்.

"மில்லுக்குப் பக்கத்துல லேசுல வீடு கெடைக்குமா? மொதல்ல தண்ணியத் திருப்புவோம்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால், சுவரோரம், உடைந்த ஓடும் கண்ணாடியுமாக ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. லீவு நாளில் அதைச் சுத்தம் பண்ணி, அடுக்களைச் சுவரில் துளை போட்டு, பின்பக்கமாக வாய்க்கால் வெட்டினார். சேத்தூரில் தோட்டம் வைத்திருந்த அவருடைய நண்பர் வாழைக்கன்றுகள் கொடுத்தார். எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வாழை குடித்துவிடும் என்று அதையே நட்டோம். இயற்கை, சுற்றுச்சூழல் என்ற நினைப்பெல்லாம் எங்களுக்கு இல்லை. இன்னொரு சண்டை வரக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் துளைக்குப் பக்கத்தில் நின்ற கன்றின் இலை ஓரம் கருகியது. சோப்புத் தண்ணீராக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, பாத்திரம் தேய்க்க வெந்நீர் அடுப்புச் சாம்பலையும் தேங்காய் நாரையும் எடுத்தேன். காய்த்தோல், டீத்தூள் எல்லாம் கன்றுகளின் அடியில் போட்டு மண்ணால் மூடினேன். கொஞ்ச நாளில் புதுக் குருத்து சுருளாக மேலே வந்தது. அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் பின்கதவைத் திறந்து அதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

ஜெனிக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது. அக்கா வாசலும் காய்ந்துவிட்டது. பேச்சு மட்டும் இல்லை. என் வயிறு தெரிய ஆரம்பித்த பிறகு, கிணற்றடியில் என்னைக் கண்டால் குனிந்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனார். அந்தக் கோடை கடுமையானது. ராஜபாளையத்தில் கிணறு அடியோடு வற்றிப்போய், எல்லாரும் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பதாக என்னைப் பார்க்க வந்த என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் ஒருத்தர்தான் அங்கே, சாப்பாடு மெஸ்ஸில். அடுக்களையில் தண்ணீரே புழங்கவில்லை.

"வாழை இருக்கா?" என்று கேட்பேன்.

"இருக்கு, இருக்கு" என்பார்.

பிள்ளைத்தாய்ச்சிக்குச் சொல்கிற சமாதானம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வைகாசியில் மகன் பிறந்தான். ஆவணியில் அவனைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் வந்தேன். பின்கதவைத் திறந்தால்... வாழை கூரைக்கு மேல் நின்றது. ஒன்று குலை தள்ளியிருந்தது. அக்கா வீட்டுப் பக்கமிருந்தும் புதிதாக ஒரு வாய்க்கால் அங்கே வந்து சேர்ந்திருந்தது.

அவரைப் பார்த்தேன்.

"அந்தக்காதான். கோடை பூரா ஜெனிய வாழ மூட்டுல நிப்பாட்டித்தான் குளிப்பாட்டுனாவ. அரிசி களைஞ்ச தண்ணியும் அங்கதான். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாவ."

பிள்ளையோடு அக்கா வீட்டு வாசலுக்குப் போய் நின்றேன். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏங்க்கா... எங்கூடப் பேச்சே இல்லையே, பொறவு ஏன் தண்ணி ஊத்துனீங்க?"

"சண்ட நமக்குள்ளதான? வாழ என்னட்டி செஞ்சுச்சு?"

சொல்லிவிட்டு என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். ரொம்ப நேரம் திருப்பித் தரவில்லை. அன்றைக்குச் சொன்ன வார்த்தையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளையின் தலையை அவர் தடவிய விதத்தில் எனக்கு அது போதுமானதாக இருந்தது.

குலை பழுத்ததும் ஐந்து வீட்டுக்கும் சீப்புச் சீப்பாகப் போனது. மற்ற வீட்டுக்காரர்களும் தண்ணீரைப் பின்பக்கம் திருப்பினார்கள். கறிவேப்பிலை, கனகாம்பரம், ஒரு முருங்கை... தேன்சிட்டு வர ஆரம்பித்தது. பிறகு அந்த இடத்தை விற்றார்கள். நாங்களும் அக்காவும் வேறு வேறு தெருவுக்குப் போனோம். இப்போது அங்கே ஒரு காம்ப்ளெக்ஸ் நிற்கிறது.

இன்று எங்களுக்குச் சொந்த வீடு. அடுக்களையில் ஸ்டீல் சிங்க். பைப் சுவருக்குள் போகிறது. அங்கிருந்து தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அடுத்த வீட்டில் இருப்பவர்களின் பெயரும் தெரியாது. தண்ணீருக்காக யாரும் என் வாசலில் வந்து சண்டை போட்டதில்லை...

யாரும் வந்ததே இல்லை.