டாகுரியா பாலமும் என் ஒற்றை கியரும்

இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. கோயம்புத்தூரிலிருந்து மனைவி போன்.

"ஏங்க, இன்னைக்கு யார்கூடயாச்சும் வாயைத் தொறந்து பேசுனீங்களா?"

"பேசினேனே... டாகுரியா பாலத்து மேல ஒருத்தர்கிட்ட."

"எவ்வளவு நேரம்?"

"பாலம் முடியற வரைக்கும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆபீஸ் கொல்கத்தாவுக்கு மாற்றியது. மகள் ப்ளஸ் டூ. அப்புறம் என்ன, அவர்கள் அங்கே, நான் இங்கே. பாலிகஞ்சில் மூன்றாவது மாடி ஃப்ளாட். வார நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிறுதான் நகராது. டி.வி.யை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, துவைத்த சட்டையையே திரும்பத் துவைக்கலாமா என்று யோசித்திருக்கிறேன். நம்புங்கள்.

அதற்காகத்தான் அந்த மவுண்டன் பைக்கை வாங்கினேன். மாற்றலாகிப் போன ஒரு சக அதிகாரி விட்டுச் சென்றது. அவர் டிராம் தண்டவாளத்தில் விழுந்ததில் கியர் மாற்றும் பாகம் நசுங்கியிருந்தது. ரிப்பேர் பார்ப்பானேன்? லீவர், கேபிள் எல்லாவற்றையும் கழற்றி வீசிவிட்டு, ஒரே கியர் வண்டியாக்கிவிட்டேன்.

ஆனால் எந்த ஒரு கியர்? அங்கேதான் சங்கடம். கியர் வண்டியில் விரலால் தட்டினால் போதும். ஒற்றை கியர் அப்படியில்லை. கல்யாணம் மாதிரி. ஒருமுறை முடிவு செய்தால் செய்ததுதான், அப்புறம் அட்ஜஸ்ட் செய்துகொள்ள வேண்டியது நாம்தான்.

நான் குன்னூர்க்காரன். குன்னூர்க்காரன் கியர் வைத்தால் எதை நினைத்து வைப்பான்? ஏற்றத்தைத்தான்! பின்சக்கரத்தில் நிறையப் பல் உள்ள பெரிய ஃப்ரீவீலாகப் பார்த்துப் போட்டேன். மலையே வந்தாலும் உட்கார்ந்தபடி ஏறலாம்.

கொல்கத்தாவில் மலைக்கு எங்கே போவது? தோசைக்கல் போல ஊர். தையல் மெஷின் மிதிப்பது போல நான் மிதிமிதியென்று மிதிக்க, வண்டி நகர்ந்தால்தானே! மீன்பை தொங்கவிட்ட கறுப்பு சைக்கிள்காரர்கள்கூட என்னைத் தாண்டிப் போவார்கள். "பாஹாட் கோதாய், தாதா?" என்று ஒருவர் கேட்டுவிட்டே போனார். மலை எங்கே, அண்ணா? நியாயமான கேள்வி.

எங்கள் குடியிருப்பில் ஐந்தாறு பேர் ஞாயிறு காலை ஜாதவ்பூருக்கு சைக்கிளில் போவார்கள். கச்சோரி, டீ, அரட்டை, திரும்பி வருவது. நானும் ஒட்டிக்கொண்டேன். கேட்டைத் தாண்டியதுமே அவர்கள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் வியர்த்து விறுவிறுத்துக் கடைக்குப் போய்ச் சேரும்போது இரண்டாவது டீயும் முடிந்திருக்கும். "வந்துட்டீங்களா!" என்று சந்தோஷமாக வரவேற்று, எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

நடுவில் டாகுரியா ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் எனக்கு ஆறுதல். ஏற்றத்தில் அவர்கள் திணறுவார்கள், என் வண்டி சொகுசாக ஏறும். அங்கே கடைசி ஆளை மட்டும் பிடித்துவிடுவேன். அது எப்போதும் தபன் அண்ணன்தான்; இந்த ஊர் வழக்கில் தபன்தா. என் ஃப்ளாட்டுக்குக் கீழே தரைத்தளத்தில் இருப்பவர். கிடர்பூர் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி இல்லை. கனடாவில் இருக்கும் மகன் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள் வைத்திருக்கிறார்.

பாதி பெங்காலி, பாதி இங்கிலீஷில் அக்கறையாக விசாரிப்பார். "பொண்ணுக்கு ஃபிசிக்ஸ் டெஸ்ட் எப்படி? மனைவிக்குப் பல்வலி தேவலையா?" நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் இறக்கம் வந்துவிடும். அவர் போய்விடுவார்.

மனைவியின் போனுக்கு அப்புறம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன பிழைப்பு இது? பெரிய ஃப்ரீவீலைக் கழற்றினேன். சின்னதைப் போட்டேன். நீண்டுபோன செயினில் கண்ணிகளைக் குறைத்து, தொய்வு போக சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கினேன். இப்போது மிதி கனம், ஆனால் ஒரு மிதிக்கு வண்டி சர்ரென்று போகும்.

போன ஞாயிறு முதல்முறையாகக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனேன். பெருமை தாங்கவில்லை. ஆனால் அவர்கள் பேசியது ஃபுட்பால், பேட்டை பூஜா கமிட்டிச் சண்டை... அதுவும் என் பெங்காலிக்கு எட்டாத வேகத்தில். எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்துவைத்தேன்.

பாலம் வந்தது. கனமான கியரில் மெதுவாக ஏறினால் வண்டி நின்றுவிடும். எழுந்து நின்று, மூச்சைப் பிடித்து, மிதித்தே ஆகவேண்டும். அத்தனை பேரையும் தாண்டினேன். தபன்தா என்னவோ கேட்க வாயெடுத்தார். அவரையும் தாண்டிவிட்டேன்.

கடையில் கச்சோரி சுடச்சுடக் கிடைத்தது. பெஞ்சில் இடமும் கிடைத்தது. என் மகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

தபன்தா கடைசியாக வந்து உட்கார்ந்தார். "என்ன மூர்த்தி பாபு, இன்னிக்குப் பாலத்துல நிக்கவே இல்லையே? நான் ஃபர்ஸ்ட் கியர் போட்டுட்டு உங்களுக்காகக் காத்திருந்தேன்."

"எனக்காகவா?"

"பின்னே? எனக்கு அந்தப் பாலம் ஒரு ஏற்றமா? தர்ட் கியர்லயே ஏறிடுவேன். மெதுவாப் போனாத்தானே ரெண்டு வார்த்தை பேச முடியும்?"

கடித்த கச்சோரியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஏற்றத்தில் நான் ஒருவரைப் பிடித்துவிடுகிறேன் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

திரும்பும்போது பாலத்தின் அடிவாரத்திலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். தபன்தா பின்னால் வந்து பிரேக் போட்டார்.

"செயின் போச்சா?"

"இல்ல தாதா. செயின் நல்லா இருக்கு." அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "எனக்கு இந்த ஊர்ல பேச ஆளே இல்ல தாதா."

அவரும் இறங்கினார். தன் வண்டியையும் என்னோடு தள்ளிக்கொண்டு நடந்தார்.

"எனக்கு மட்டும் யார் இருக்காங்க?" என்றார். "நான் பிறந்ததே இந்த ஊர்லதான்."

பின்னால் மினிபஸ்காரன் ஹாரனை அமுக்கியபடியே இருந்தான். அமுக்கட்டுமே... எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டில் யார் காத்திருக்கிறார்கள்?