உள்ளே உட்கார்ந்திருந்த ஆள்

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மகள் கூப்பிடுவாள். கடல் தாண்டிப் போனவள். அங்கே அது குழந்தையைத் தூங்க வைக்கிற நேரம். பத்து நிமிஷப் பேச்சு, பிறகு அடுத்த சனிக்கிழமைதான். மனைவி காலமானபின், ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வர்க்காரருக்கு வாரத்தில் வாய்த்த பேச்சு அதுதான். ஆபீஸில் தேடி வருகிறவர்கள் "அண்ணே, வேலை செய்யல" என்பார்கள். சரியானதும் திரும்பிப் பார்க்காமல் போவார்கள்.

அன்றைக்குப் பேத்தி முதல்முறையாகத் 'தாத்தா' சொல்லிக் காட்டப் போகிறாளாம். சர்வர் அறையில் செல்போன் சிக்னல் எட்டாது. பன்னிரண்டரைக்கே முடித்து மேலே ஏறிவிட வேண்டும் என்றிருந்தார்.

வேலை சின்னதுதான். கட்டட வரைபடங்கள் இருந்த பழைய ஸ்டோரேஜ் பெட்டியை, நெட்வொர்க் வழியாக சர்வரில் ஒரு ஃபோல்டராக மாட்டியிருந்தார்கள். சர்வருக்குள் நுழைந்துதான் எல்லாரும் அதைத் திறப்பார்கள். புதுப் பெட்டிக்கு எல்லாம் மாற்றியாயிற்று. பழைய ஃபோல்டரைக் கழற்றிவிட்டால் எலெக்ட்ரீஷியன் அந்தப் பெட்டி இருக்கும் பக்கத்து மின்சாரத்தை நிறுத்தி வயர் மாற்றுவார். கழற்றாமல் நிறுத்தினால், இல்லாத பெட்டியைத் தேடித் தேடியே சர்வர் உறைந்துவிடும்.

கழற்றும் கட்டளையைத் தட்டினார். 'பிஸி' என்றது திரை. யாரோ அந்த ஃபோல்டருக்குள் இருக்கிறார்கள். ஆள் படுத்திருக்கும் பாயை எப்படி உருவுவது?

மாடியில் வரைபடம் வரைகிற அக்காவை இன்டர்காமில் கூப்பிட்டார்.

"அக்கா, பழைய ஃபோல்டர்ல ஏதாவது தொறந்து வச்சிருக்கீங்களா?"

"காலையிலயே மூடிட்டேன். எதுக்கெடுத்தாலும் என்னையே கேளுங்க."

வரைபடங்களை அச்செடுக்கும் பிரிண்டர்காரரையும் இன்டர்காமில் கேட்டார். "நான் எல்லாத்தையும் மூடிட்டுக் கெளம்பிட்டேண்ணே, ஆள விடுங்க."

மணி பன்னிரண்டு ஐம்பது. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எலெக்ட்ரீஷியன் கொட்டாவி விட்டார். "புடிச்சு இழுத்துப் போட வழியே இல்லையாண்ணே?"

"இருக்கு. ஆறு வருஷம் முன்னாடி அப்படித்தான் பண்ணேன். அக்கா ரெண்டு நாள் வரைஞ்சதெல்லாம் போச்சு. இன்னும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டாங்க."

அன்றிலிருந்து பிடித்து இழுப்பதில்லை என்று வைத்திருந்தார். உள்ளே இருப்பவர்களின் பட்டியலை மறுபடி எடுத்தார். நாலாவது தடவை. மணி ஒன்றைத் தாண்டியதை அவர் கவனிக்கவில்லை. ஒரே வரி, அவர் பெயர். எந்தப் பட்டியல் எடுத்தாலும் தன் பெயர் ஒன்று கிடக்கும் என்று வருஷக்கணக்காக அதைத் தாண்டியே படித்துப் பழகிய கண். இந்தத் தடவைதான் அதில் நின்றது.

காலையில் ஃபைல் எண்ணிப் பார்க்க திரையில் ஒரு ஜன்னல் திறந்து அந்த ஃபோல்டருக்குள் போனவர், அதைச் சுருக்கிவிட்டு மறந்தே போனார். அதைத் திறந்து, வெளியே வரும் கட்டளையைத் தட்டினார். கழற்றச் சொன்னார். கண் இமைப்பதற்குள் கழன்றது.

"யாருண்ணே உள்ள இருந்தது?"

"நாந்தான்."

"நல்லா வேல பாத்தீங்க போங்க! ஊரையெல்லாம் வெரட்டிட்டு!" எலெக்ட்ரீஷியனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

படியேறி ஓடினார். மூன்றாம் படியில் சிக்னல் வந்தது. ஒன்று இருபது. தவறிய அழைப்பு மூன்று, கீழே ஒரு செய்தி: 'தூங்கிட்டாப்பா. தாத்தா தாத்தான்னு போனையே பாத்துட்டு இருந்தா. அடுத்த வாரம் பேசலாம்.'

'சரிம்மா' என்று அனுப்பினார். வேறு ஏதோ எழுதி, அழித்தார்.

கீழே வந்தபோது எலெக்ட்ரீஷியன் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார். "வீட்டுக்குப் போகலையாண்ணே? சாப்பாட்டு நேரமாச்சே."

"போய் என்ன பண்ணப் போறேன். அந்த டார்ச்சக் குடு, நான் புடிச்சுக்கறேன்."