ஒன்பதாம் வாரப் பாடம்

பெயர்: முத்துப்பேச்சி. பிறந்த நாள்: 1993 ஜூன் 14. ஊர்: போடிநாயக்கனூர். தந்தை அழகுமலை, தாய் சுருளியம்மாள், ஏலத்தோட்டத் தொழிலாளி. கணவர் விஜயபாண்டி, ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோரில் மேற்பார்வையாளர், திருமணம் 2018இல். படிப்பு: விலங்கியலில் முதுகலை. 2019 முதல் போடியில் ஒரு கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். 2024 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை நடத்திய விருப்பப் பாடம்: 'இசையும் மூளையும்'. வாரம் இரண்டு மணி நேரம், பதினைந்து வாரங்கள். பயின்றோர் முப்பத்தெட்டுப் பேர்.

இந்த விவரங்களில் இடம்பெறாத செய்தி ஒன்று உண்டு. முத்துப்பேச்சிக்குப் பாட்டு எதுவும் செய்வதில்லை.

காதில் குறையில்லை. தாளம் தப்பினால் தெரியும்; இரண்டு பேர் சேர்ந்து பாடினால் யார் சுருதி விலகினார் என்றும் சொல்லிவிடுவார். ஆனால் மற்றவர்கள் கண்மூடித் தலையாட்டும் இடத்தில் அவருக்குள் ஒன்றும் நிகழாது. மழை பெய்கிறது, பஸ் போகிறது, பாட்டு ஓடுகிறது. அவருக்கு மூன்றும் ஒன்றுதான்.

இது முதன்முதலில் தெரியவந்தது ஒரு ஜீப்பில். பள்ளி விடுமுறைகளில் தாயோடு அவரும் மலைக்குக் காய் எடுக்கப் போவதுண்டு. போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்புகள் விடியலில் வரிசையாக நிற்கும். பெண்கள் அத்தனை பேரும் சீனிச்சாமி என்பவரின் ஜீப்புக்கே முண்டியடிப்பார்கள். வண்டி பழையது; இருக்கையில் பாதி கிழிசல். ஆனாலும் எந்த வளைவில் எந்தப் பாட்டைப் போட வேண்டும் என்பது சீனிச்சாமிக்குத்தான் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். பின்னால் தொற்றிக்கொண்டாவது அதில்தான் போவார்கள். பக்கத்து ஜீப்பு காற்று வாங்கும். அந்தக் காலி ஜீப்பில் தானாகப் போய் உட்கார்ந்தது முத்துப்பேச்சி ஒருத்திதான்.

"ஏத்தா, அங்கிட்டு உனக்கென்ன சோலி? பாட்டுக் கேக்க வேணாமா?" என்று இழுத்து வந்து மடியில் அமர்த்திக்கொண்டார்கள். மேலே போய் இறங்கியதும் ஒருத்தி கேட்டாள்: "பாட்டு எப்பிடி இருந்துச்சு?"

"எது?"

ஜீப்பே சிரித்தது. "சுருளி, ஒம் மகளுக்குக் காது மந்தம் போலடி. டாக்டருகிட்டக் கொண்டு போயிக் காட்டு" என்று ஒருத்தி சொல்ல, சுருளியம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. அன்று முத்துப்பேச்சி ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டார்: "நல்லா இருக்கு." திருவிழா ஒலிபெருக்கிக்கும், கல்யாணக் கச்சேரிக்கும், பின்னாளில் குளித்துக்கொண்டே பாடும் கணவருக்கும் அதே பதில்தான். ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை.

இப்படிப்பட்டவர் தலையில் அந்தப் பாடம் வந்து விழுந்ததற்கு ஓர் இடமாறுதல் காரணம். அதை வகுத்த பேராசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டார். பாடமோ கால அட்டவணையில் ஏறியாயிற்று. முதல்வர் முத்துப்பேச்சியை அழைத்தார். "நரம்பு மண்டலம் நீங்கதானம்மா எடுக்கிறீங்க? பாடத்துல பாதி மூளை. மீதி பாட்டு, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். மறுக்க வழியில்லை. அந்த இரண்டு மணி நேரமும் சேர்ந்தால்தான் அவருடைய வாரப் பணிநேரக் கணக்கு நிரம்பும். கணக்கு நிரம்பாத கௌரவ விரிவுரையாளரை அடுத்த கல்வியாண்டில் அழைப்பதில்லை.

ஆகவே உழைத்துத் தயாரித்தார். செவி நரம்பு, மூளையின் மடிப்புகள், ஆய்வு வரைபடங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஒன்பதாம் வாரத்துக்கான பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. நூற்றில் ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து பேருக்கு இசை எந்த இன்பமும் தருவதில்லை. அவர்களுக்குக் காதிலோ அறிவிலோ குறையில்லை. மூளையில் ஒலியை அறியும் பகுதிக்கும் இன்பத்தை உணரும் பகுதிக்கும் இடையே தொடர்பு மெலிந்திருக்கிறது. முத்துப்பேச்சி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். முப்பத்தொன்றாம் வயதில் தம்மைப் பற்றிய செய்தியை ஒரு பாடப் பக்கத்தில் சந்தித்தால், நிம்மதி அடைவதா, கலங்குவதா? அவருக்குப் பிடிபடவில்லை. மறுநாள் வகுப்பில் அதை ஒரே வரியாகக் கரும்பலகையில் எழுதி, எழுதிய கையோடு அழித்து, பத்தாம் பாடத்துக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 9, புதன்கிழமை. பாடத்தைப் பற்றிய மாணவர் கருத்துப் படிவங்கள் வந்து சேர்ந்தன. வணிகவியல் பேராசிரியரும் கல்லூரித் தரக்குழுவின் பொறுப்பாளருமான சோலைமலை அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

"ஏம்மா, பத்துக் கேள்வி, முப்பத்தெட்டுப் பேரு. எல்லாரும் எல்லாத்துக்கும் 'மிக நன்று'."

"அப்படியா சார்?" முத்துப்பேச்சிக்கு உள்ளே சற்றுக் குளிர்ந்தது.

"சந்தோசப்படாதீங்க. ஏழாவது கேள்வி, ஆய்வுக்கூட வசதி எப்படின்னு. இந்தப் பாடத்துக்கு ஆய்வுக்கூடமே கிடையாது. அதுக்கும் மிக நன்று போட்டிருக்கானுக. இதை மேல அனுப்புனா, நீங்களே உக்காந்து எழுதுனதுன்னு சொல்லுவாங்க."

"பாசத்துல போட்டிருப்பாங்க சார்."

"பாசத்துக்கு எப்படிம்மா சராசரி எடுக்கிறது?"

படிவங்கள் செல்லாது என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் மாணவர்களை நேரில் கேட்பது, சோலைமலை பின்வரிசையில் அமர்ந்து எழுதிக்கொள்வது, அதை வைத்தே பாடம் தொடருமா நிற்குமா என்று தீர்மானிப்பது என ஏற்பாடு.

அறையை விட்டு வெளியே வந்த முத்துப்பேச்சி படிவங்களையே நினைத்துக்கொண்டு நடந்தார். மாணவர்கள் அன்பினால் எழுதினார்களா, தப்பித்தால் போதும் என்று எழுதினார்களா? கேட்டவுடன் 'நல்லா இருக்கு' என்று சொல்கிறவர்களுக்கு உள்ளே என்னென்ன இருக்கக்கூடும் என்பது அந்தக் கல்லூரியில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. தெரிந்தும் பயனில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் அல்லவா?

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி. தெருக்கோடி அம்மன் கோயிலில் திருவிழா. ஒலிபெருக்கி கல்லூரிப் பக்கமே திரும்பியிருந்தது. சோலைமலை பின்வரிசையில் காகிதத்தை விரித்தார்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் எதுவும் நினைக்க மாட்டேன்" என்று தொடங்கினார் முத்துப்பேச்சி.

மொக்கையன் எழுந்தான். வகுப்பில் யாரை வம்புக்கு இழுக்க வேண்டுமென்றாலும் அவன்தான் ஆள். "மேடம், அன்னைக்கு நல்லபடியாத்தான எழுதுனோம்? போட்டது பத்தலையா?"

"கூடிப்போச்சுப்பா" என்றார் சோலைமலை பின்னாலிருந்து.

"அது வந்து சார், கொறைச்சுப் போட்டா மேடத்துக்கு வேலை போயிரும்னு முத்துக்கண்ணன்தான் சொன்னான்."

"ஏன்டா என்னைக் கோத்து விடுற?" என்று எழுந்தான் முத்துக்கண்ணன். படிக்கிற நேரம் போக மற்ற நேரத்தில் குரங்கணி மலைக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். "நான் உண்மையச் சொல்லிர்றேன் மேடம். முன்னெல்லாம் வண்டியில பாட்டுப் போட்டா பாட்டு மட்டும்தான் கேக்கும். இப்பப் பாட்டுப் போட்டா, இது எனக்கு வலது மூளையில ஓடுதா, இடது மூளையிலயான்னு ஒரே ரோசனை. நேத்து வளைவுல ஆரன் அடிக்கவே மறந்துட்டேன்."

"அவனுக்கு மூளை இருக்குன்னே இந்தப் பாடம் எடுத்துத்தான் தெரியும் மேடம். அது பாடத்துக்கு நல்ல பேருதான" என்றான் மொக்கையன்.

சிரிப்பு அடங்கும்முன் ஈஸ்வரி எழுந்தாள். முன்வரிசை மாணவி, மதிப்பெண்ணில் முதல். "மேடம், பாடத்துல மூளை இருந்துச்சு. இசைதான் வரல. பதினஞ்சு வாரத்துல நீங்க ஒரு பாட்டுக்கூடப் போடல."

அது முத்துப்பேச்சிக்கே அப்போதுதான் உறைத்தது. வரைபடம் வைத்தார், மூளையின் படம் வைத்தார். பாட்டு வைக்க வேண்டும் என்ற நினைப்பு தானாக எழவே இல்லை. விலங்கியல் வகுப்புக்கு யாரும் யானையைக் கூட்டி வருவதில்லை என்பதுபோல.

"ஒருக்கா நாங்க கேட்டப்ப ஸ்பீக்கர் ரிப்பேருன்னு சொன்னீங்க" என்றாள் ஈஸ்வரி.

"ஸ்பீக்கர் நல்லாத்தானே இருக்கு" என்று சோலைமலை தலையை உயர்த்தினார்.

"பாட்டு எதுக்கு சார்?" என்று இன்னொரு குரல் எழுந்தது. "வீட்டுல பாட்டு, பஸ்சுல பாட்டு, இந்தா வெளிய ஓடிக்கிட்டே கெடக்கு. இந்த ரெண்டு மணி நேரந்தான் காது சும்மா இருந்துச்சு. எனக்கு அதுதான் பிடிச்சது."

"உனக்குத் தூங்கத் தோதா இருந்துச்சுன்னு சொல்லு" என்றான் மொக்கையன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பாதிப் பேர் பாட்டு வேண்டும் என்றார்கள்; மீதிப் பேர் வேண்டாம் என்றார்கள்; சிலர் இரண்டு பக்கமும் கை தூக்கினார்கள். சோலைமலை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

அப்போது சன்னலோரம் இருந்த நிலா கையை உயர்த்தினாள். அவள் அதுவரை வகுப்பில் பேசியதே இல்லை. "மேடம், ஒம்போதாம் வாரத்துல ஒரு வரி எழுதுனீங்க. நூத்துல மூணு நாலு பேருக்குப் பாட்டு எதுவுமே செய்யாதுன்னு. நான் எழுதி முடிக்கிறதுக்குள்ள அழிச்சிட்டீங்க. அதைக் கூடக் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்."

"அது எதுக்கும்மா உனக்கு?"

"சும்மாதான் மேடம்."

மொக்கையன் விடுவானா? "நூத்துக்கு மூணுன்னா நம்ம வகுப்புல ஒண்ணாச்சும் இருக்கணுமே. யாருப்பா அது? ஒழுங்கா எந்திரிச்சிரு."

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். முகங்கள் ஒவ்வொன்றாகச் சன்னல் பக்கம் திரும்பத் தொடங்கின. நிலா டெஸ்கின் மேல் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள். ஜீப்பு நிறையச் சிரித்த அந்தக் காலைப் பொழுது முத்துப்பேச்சியின் கண்முன் வந்து நின்றது.

"நான்தான்" என்றார்.

முகங்கள் சன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பின.

"எனக்குப் பாட்டு எதுவும் செய்யாது. சின்ன வயசுலருந்தே அப்படித்தான். அதனாலதான் அழிச்சேன்னு நினைக்கிறேன். எனக்கே சரியாத் தெரியல."

ஈஸ்வரிதான் முதலில் கேட்டாள். "அப்ப எப்படி மேடம் இவ்வளவு நாள் நடத்துனீங்க?"

நியாயமான கேள்வி. "தெரியலம்மா" என்றார் முத்துப்பேச்சி.

சோலைமலை பேனாவை மூடித் திறந்தார். "இதை எந்தக் கட்டத்துலம்மா எழுதுறது?"

அன்று மாலை விஜயபாண்டி ஸ்டோரிலிருந்து ஏலக்காய் வாசனையோடு வந்து சட்டையைக் கழற்றும்போதே முத்துப்பேச்சி விஷயத்தைச் சொன்னார். "மாமா, எனக்குப் பாட்டு எதுவும் செய்யாது."

"என்ன செய்யணும்?"

"மத்தவங்களுக்குச் செய்யுதுல்ல, அது."

விஜயபாண்டி சட்டையைக் கொடியில் போட்டார். "அப்ப நான் பாடுறது நல்லா இருக்குன்னு ஏழு வருசமாச் சொன்னியே?"

"நீங்க பாடுனா, ஸ்டோர்ல யாரோடயும் சண்டை இல்லைன்னு அர்த்தம். அது நல்லா இருக்கும்."

"சரி. இனிமே பாடவா, வேணாமா?"

"பாடுங்க."

"நல்லா இருக்குன்னு சொல்லுவியா?"

முத்துப்பேச்சி அடுப்படிக்குப் போனார். மறுநாள் காலையில் விஜயபாண்டி குளியலறையில் பாதிப் பாட்டில் நிறுத்தினார். கதவுக்கு வெளியே முத்துப்பேச்சி தோசை திருப்பும் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கும். சற்றுப் பொறுத்து, விட்ட இடத்திலிருந்து மீண்டும் பாடினார்.

தரக்குழுவின் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. கருத்துகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பாடத்தை நிறுத்தவும் போதிய காரணம் இல்லை, தொடரவும் இல்லை. ஜூன் மாதம் புதிய மாணவர்கள் இருபது பேராவது பதிவு செய்தால் பாடம் தொடரும். இல்லையெனில் அந்த இரண்டு மணி நேரம் நீக்கப்படும். அது நீங்கினால் முத்துப்பேச்சியும் நீங்குவார் என்பதை எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை.

கோடை விடுமுறை முழுவதும் அவர் பாடத்தைத் திருத்தினார். பாட்டுகள் சேர்த்தார். எது நல்ல பாட்டு என்று தெரியாததால் விஜயபாண்டியைக் கேட்டார், சுருளியம்மாளைக் கேட்டார்; இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் குப்பை என்றார்கள். ஒன்பதாம் வாரத்துக்கு முழு வகுப்பு ஒதுக்கினார். அதை யாருக்காக ஒதுக்கினார் என்று கேட்டால் அவரால் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

ஜூன் 27, பதிவுக்குக் கடைசி நாள். அலுவலக வாசலில் மொக்கையன் எதிர்ப்பட்டான். "மேடம், ஜூனியர் பயலுக கேக்குறானுக. பாட்டே பிடிக்காத மேடம் பாட்டுப் பாடம் எடுக்குறாங்களாம்ல, அதைப் போயிப் பாக்கணும்டான்னு."

"கேலியாடா, நெசமாவா?"

"ரெண்டுந்தான் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அறிவிப்புப் பலகையின் அருகே நிலா நின்றிருந்தாள். "மேடம், முடிச்ச பாடத்துல மறுபடி வந்து உக்காரலாமா?"

"மார்க்கு கிடைக்காதும்மா. பதிவும் பண்ண முடியாது."

"பரவால்ல மேடம். ஒம்போதாம் வாரம் மட்டும் வர்றேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன்."

"உனக்கும் அப்படித்தானா நிலா?" என்று கேட்க வாயெடுத்தார். "எதுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"சும்மாதான் மேடம்" என்றாள் நிலா. குரங்கணி பஸ் வரும் நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தாள். வாசல் தாண்டும்வரை முத்துப்பேச்சி பார்த்துக்கொண்டே நின்றார். அவள் நடையில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு அலுவலக உதவியாளர் வந்து பலகையில் தாளை ஒட்டினார்.

பாடம்: இசையும் மூளையும். பதிவு செய்தோர்: 23. பதிவின்றி அமர அனுமதி கோரியோர்: 1.