லாசரஸ் தோளில் ஏறிய கேமரா

எங்கள் வீட்டில் வீடியோ டெக் இருந்தது. அந்த ஒரே தகுதியை வைத்து, 1985இல் சிலுவைராஜும் அவன் தம்பி லாசரஸும் கேமரா வாங்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

சிங்கப்பூர் மார்சிலிங்கில் நாங்கள் ஒரே அடுக்குமாடி புளோக். சிலுவைராஜும் நானும் ஒரே டிப்போவில் பேருந்து ஓட்டினோம். லாசரஸுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. பெற்றவர்கள் போய்விட்டார்கள், இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீட்டில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாங்கியில் படகு எடுத்து மீன் பிடிக்கப் போவார்கள். மறுநாள் டிப்போவில் சிலுவைராஜ் கொடுவா மீனின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டுவான். ஒருத்தரும் நம்ப மாட்டோம். எங்கள் வாயை அடைக்கத்தான் கேமரா. திண்டுக்கல்லில் இருக்கும் அக்கா அல்போன்சம்மாளும் பார்க்கட்டும் என்பது இன்னொரு காரணம்.

ஜாலான் புசாரில் சாகுல் ஹமீது தன் கடையில் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று கையடக்கம், உள்ளே குட்டிக் கேசட். மற்றது தோளில் சுமக்க வேண்டியது, வீட்டு டெக்கில் போடுகிற அதே பெரிய கேசட்.

"படகுல போறவங்களுக்குச் சின்னதுதான் வசதி லா," என்றார் ஹமீது.

லாசரஸுக்கும் அதில்தான் கண். "பெருசு வெயிட்டா இருக்குண்ணே. இதைத் தூக்கிக்கிட்டா நான் தூண்டில் போட முடியாது."

"தூண்டிலை நான் பாத்துக்கிறேன். குட்டிக் கேசட்டை அக்கா எதுல போட்டுப் பாக்கும்? அங்க வாடகைக்கு வர்ற டெக்ல பெருசுதான் போகும்," என்றான் சிலுவைராஜ்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. அண்ணன் பக்கம் தலையாட்டி வைத்தேன்.

அதன்பிறகு லாசரஸ் தூண்டிலைத் தொடவில்லை. சிலுவைராஜுக்கோ கேமராவின் பொத்தான்களைக் கண்டாலே பயம். எங்கள் வீட்டு டிவியில் போட்டுப் பார்த்தால் திரை முழுக்க அவன்தான். மீன் தப்பினால் தம்பியைத் திட்டுவான், மாட்டினால் மாதாவுக்கு நன்றி சொல்வான். கேசட்டை அக்காவுக்கு அனுப்பச் சொன்னால், "இன்னும் பெருசா ஒண்ணு மாட்டட்டும்," என்பான். ஒன்றையும் அனுப்பவில்லை.

ஆறேழு மாதம் போயிருக்கும். டிப்போவில் பேருந்தை நிறுத்திவிட்டு இறங்கிய சிலுவைராஜ் அப்படியே சரிந்தான். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அக்காவிடம் பாஸ்போர்ட் இல்லை. வர வழியில்லை. புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டியை வைத்ததுமே, "அக்காவுக்கு வீடியோ எடுத்து அனுப்பணும்ல," என்றார் ஒருவர். சாவு வீட்டில் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அந்தக் கேமராவை இயக்கத் தெரிந்தவன் லாசரஸ் ஒருவன்தான். போய் எடுத்து வந்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவனுக்கு ஒன்றும் வரவில்லை. பேட்டரியைச் சரிபார்த்தான்.

ஜெபமாலையை எடுத்தான், பூசையை எடுத்தான். பெட்டியை மூடும் முன் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தம் கொடுத்ததை எடுத்தான். சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது எங்கள் கைகளை எடுத்தான். கேமராவை வாங்கிக்கொள்ளக் கிட்டே போனேன்.

"வேணாம்ணே, படம் ஆடிடும்."

குழி மூடிய பிறகுதான் தோளிலிருந்து இறக்கினான்.

அந்த வாரமே வேலைக்குத் திரும்பினான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். "கேமராக்குள்ள பாத்தா எல்லாம் கறுப்பு வெள்ளைதாண்ணே. யார் வீட்டு எழவோ மாதிரி இருந்துச்சு," என்று ஒருமுறை சொன்னான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இவன் ஒரு தடவை அழுது தொலைக்கக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

ஊருக்குப் போன ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினோம். கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்தாள். நான் லாசரஸ் வீட்டில்தான் இருந்தேன். வெளிநாட்டு லைன் என்பதால் அவள் கத்திப் பேசியது எனக்கும் கேட்டது. டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, தெருவே உட்கார்ந்து பார்த்ததாம்.

"ஆள் வெச்சு நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. யார் யாரோ முத்தம் குடுத்தாங்க, யார் யாரோ மண்ணு போட்டாங்க. கூடப் பொறந்தவன் நீ எங்கடா? ரெண்டு தடவ போட்டுத் தேடுனோம். அண்ணனைப் பொதைக்கக்கூட நீ வரலியா?"

வீடியோ எடுத்ததே அவன்தான் என்று சொல்லப் போனைக் கேட்டேன். லாசரஸ் தரவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆமாக்கா," என்றான். "நான் வரல."

"வேலையா இருந்துச்சாடா?" என்று அக்கா கேட்டாள்.

"வேலைதான்க்கா," என்றான். அதைச் சொல்லும்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.