ஒரே மூச்சில் கபடி

நான் தென்காசியில் விளையாட்டு ஆசிரியை. இதய வால்வு மாற்றிய பிறகு மைதானத்துக்குத் திரும்பிய முதல் நாள், சாரல் தூறிக்கொண்டிருந்தது. சிகிச்சை எப்படிப் பலன் தந்திருக்கிறது என்று விசாரிக்க ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தாள்.

“யக்கா, இப்ப மூச்சு வாங்குதா?”

பதிலுக்கு மூச்சை இழுத்துப் பிடித்து, “கபடி கபடி கபடி” என்று பாட ஆரம்பித்தேன். முன்பெல்லாம் இரண்டு கபடி சொல்வதற்குள் மூச்சு முட்டும். அன்றைக்கு நிற்கவே இல்லை! பிள்ளைகள் குதித்துக் கைதட்டினார்கள்.

“நிப்பாட்டாதீய! ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், வார்டே கேக்குது!” என்று நர்ஸ் கத்தினாள்.

பிறகு அதே போனில், வார்டிலிருந்த வேறொரு பெண் தயங்கிக் கேட்டாள். “நாளைக்கு எனக்கும் வால்வு ஆபரேஷன்க்கா. இப்பிடி மூச்சு வருமா?”

“கண்டிப்பா வரும், தங்கச்சி!”

என் மூச்சு இன்னொருத்திக்குத் தைரியம் கொடுக்கும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை.