அம்மன் தலையில் ஒட்டிய பூ

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் மாரமங்கலம் பக்கத்து மிளகுக்கு விலை சொல்ல என்னை விட்டால் இன்றைக்கும் ஆள் கிடையாது. கூலிக்குக் காப்பிப்பழம் பறித்தவன்தான் எஸ்டேட் வாங்கினேன், லாரி வாங்கினேன். எவனும் கைதூக்கி விடவில்லை.

எங்கள் ஊர் அம்மன் கோயில் முழுக்கச் செங்கல். யார் கட்டியது, எந்தக் காலம், ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு செங்கலும் பலகை போல அகலம். மலையிறங்கிக் குப்பனூரில் சூளை சூளையாகக் கேட்டேன், அப்படி அறுக்க ஆள் இல்லை. என் அம்மா செத்த பிறகு ஒண்ட இடமில்லாமல் அந்தச் சுவரோரம் படுத்துத்தான் வளர்ந்தேன்.

போன ஐப்பசி மழை விடாமல் பிடித்ததில், அம்மனுக்குப் பின்சுவர் உள்பக்கமாக வயிறு தள்ளிவிட்டது. விழுந்தால் அம்மன்மேல்தான் விழும். காய்க்கிற மிளகுக்கொடியோடு நின்ற என் சில்வர் ஓக் மரங்களை வெட்டி, முட்டுக் கொடுக்க வாசலில் கொண்டுவந்து இறக்கினேன்.

பூசாரி தடுத்தார். அவர் என் மனைவியின் அண்ணன். கோயிலில் ஓர் ஓடு மாற்றினாலும் பூக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அம்மன் தலையில் இரண்டு பக்கமும் அரளிப்பூ வைப்பார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் கூடாது. இரண்டும் விழாவிட்டால் மறுநாள் வரைக்கும் பொறுக்க வேண்டும்.

பூ விழவே இல்லை. சுவரில் கசிந்த தண்ணீர் அம்மன் தலைவரை ஈரமாக்கியிருந்தது. பூ ஈரக்கல்லில் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

"ஈரத்துல ஒட்டிக்கிச்சுங்க மச்சான். தொடைச்சுட்டு வெய்ங்க. இல்லாட்டி கனமான பூவா வெய்ங்க" என்றேன்.

"மாப்ள, இது உம்பட மிளகுத் தராசு இல்ல, விரல வெச்சு அமுக்கறதுக்கு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். மறுநாளும் விழவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாயில்லாத ஒரு பூவின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவா நான் இவ்வளவும் சம்பாதித்தேன்? "ஆத்தா, ஒரு பூத்தானே கேக்கறோம்" என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

நாலாம் நாள் பூசாரி பூ வைத்துக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து செம்மண்ணாகப் பொடி உதிர்ந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று நான் மரத்தின் ஒரு முனையைத் தூக்கினேன். ஊரே நின்றது. மறுமுனையைப் பிடிக்க ஒருவன் வரவில்லை. என்னிடம் வேலை பார்த்துப் பிழைத்தவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

என் மனைவி வந்து பிடித்தாள். வாசலை மறித்து நின்ற அண்ணனிடம், "வழி உடுண்ணா. அம்மா மேல செவுரு உழுவறத நின்னு பாக்கச் சொல்றியா?" என்றாள்.

அவர் விலகினார். முதல் மரத்தை முட்டாக நிறுத்தினோம். இரண்டாவதுக்காக வெளியே வந்து குனிந்தபோது உள்ளே சத்தம் கேட்டது. புழுதி அடங்கிப் பார்த்தால், முட்டுக்குக் கீழே சுவர் பிதுங்கிச் சரிந்திருந்தது. அம்மனின் கழுத்து ஒடிந்து கிடந்தது.

உத்தரவில்லாமல் மரத்தை வைத்ததால்தான் இப்படி என்று ஊர் சொல்லிவிட்டது. என் தோட்டத்து வேலைக்கு ஆள் வருவது நின்றது. காப்பி பழுத்துக் கொட்டுகிறது. அதுகூடப் பரவாயில்லை. கடைத்தெருவில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது.

போன வாரம் பூசாரி என் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். காப்பியைத் தொடவில்லை.

"மாப்ள, நீ மரத்தக் கொண்டாந்த அன்னிக்கே வெச்சிருந்தா நின்னிருக்குமா? உண்மையச் சொல்லு. எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

நின்றிருக்கும். இந்தக் கையால் எத்தனை சுவருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அதை ஊர் நடுவில் கத்திச் சொல்லத்தான் அத்தனை நாளும் துடித்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவரே தேடி வந்து கேட்கிறார். என் மனைவி கதவோரம் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னிருக்காதுங்க மச்சான். அடியே இத்துப்போச்சு. நான் கை வெச்சதுதான் தப்பு" என்றேன்.

அவர் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் ஊர்க்கூட்டத்தில் நான் ஒத்துக்கொண்டதாக அவரே சொன்னாராம்.