சுரங்க வாசலில் டைகர்

விழுப்புரத்திலிருந்து முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் தாவிக்கொண்டே வந்த என் தம்பியின் நாய் டைகர், நெய்வேலி சுரங்க வாசலில் கார் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் குரைக்கிறது. காலை ஷிப்ட் முடிந்து ஆட்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் ஒரே ஹெல்மெட், ஒரே புழுதி முகம். மூன்று மாதமாகப் பார்க்காத தம்பி இதில் எவன்? சட்டென்று டைகர் வெளியே குதித்துவிடுகிறது.

“ஐயோ, பஸ் வருது!” என்று கத்துகிறேன்.

“வுடுங்க சார், அது தேடிக்கினு வந்த ஆளப் புடிச்சிடுச்சி. அதோ பாருங்க!” என்கிறார் டீக்கடை அக்கா.

தம்பியேதான்! ஹெல்மெட் உருள, கீழே கிடந்து சிரிக்கிறான். நான் கைகளை விரித்துக்கொண்டு ஓடுகிறேன். அதற்குள் டைகர் திரும்பி ஓடி, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, எங்கள் இருவரையும் பார்த்துக் குரைக்கிறது. வண்டியை எடுக்கச் சொல்கிறது.